ஆறுச்சாமி சொன்ன மூன்று

இந்த முறையும் ஆறுச்சாமி மூன்று என்றுதான் சொன்னார்.

இஸ்மத் அட்டையை அவர் முன்னால் பிடித்திருந்தாள். அட்டையில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு. இடது ஓரத்தில் பூஜ்யம், வலது ஓரத்தில் பத்து. பூஜ்யம் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் அதற்கு மேல் ஒரு வலி இருக்க முடியாது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பார்த்தார். பிறகு அட்டையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"மூணு போட்டுக்குங்க அம்மணி."

"நெசமாத்தானுங்களாய்யா?"

"உங்ககிட்டப் போயிப் பொய் சொல்லுவனுங்களா? மொத நாளு ஆறு சொன்னேன். அப்பறம் நாலு. இப்ப மூணு. எல்லாம் உங்க கைராசிங்க."

அவள் சிரித்துக்கொண்டே எழுதினாள். அது ஒன்பதாவது திங்கட்கிழமை.

ஆறுச்சாமிக்கு ஐம்பத்து நான்கு வயது. அன்னூருக்கு வடக்கே தோட்டம். பைக் சறுக்கி விழுந்ததில் வலது கால் முட்டிக்குக் கீழே இரண்டாக முறிந்தது. எலும்புக்குள் ராடு வைத்தார்கள். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை வேறு. ராடு வைத்த இரண்டாவது வாரம் கோயமுத்தூர் மருத்துவமனையில் ஓர் ஆய்வில் சேருகிறீர்களா என்று கேட்டார்கள். நாலு பேருக்கு உபயோகப்படும் என்றால் சரி என்று கையெழுத்துப் போட்டார்.

ஆய்வு டாக்டர் கதிர்வேலுடையது. வலிக்கு மாத்திரை தின்று தின்றே சிறுநீரகம் போனவர்களை நிறையப் பார்த்தவர் அவர். முறிந்த காலைச் சீக்கிரம் ஊன்றி நடந்தால் வலி தானாகக் குறையும், மாத்திரையைச் சீக்கிரம் நிறுத்திவிடலாம் என்பது அவர் எண்ணம். எண்ணம் சரிதானா என்று பார்க்க நாற்பத்திரண்டு பேர். பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம். மீதிப் பேர் இரண்டாம் வாரத்திலிருந்தே நடக்க வேண்டும், ஆறாம் வாரத்தோடு மாத்திரை கிடையாது. ஆறுச்சாமி நடக்கிறவர்களில் ஒருவர். அவரை நடக்க வைக்கிற பிசியோதெரபிஸ்ட் இஸ்மத்.

ஆபத்தைக் கண்டுபிடிக்க ஒரு விதி இருந்தது. ஒருவர் தொடர்ந்து இரண்டு வாரம் ஏழோ அதற்கு மேலோ சொன்னால் நடையை நிறுத்தி, எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். இன்னொரு விதியும் இருந்தது. நடக்க வைக்கிறவர் எண்ணைக் கேட்கக் கூடாது. கேட்பதற்கு ரோஹன் என்று ஒருவன் இருந்தான். ஆறுச்சாமி சேருவதற்கு முன்பே அவன் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். வேறு ஆள் வரும் வரைக்கும் நீயே கேட்டுரு இஸ்மத் என்றார் டாக்டர். வேறு ஆள் வரவில்லை.

அந்தத் திங்கட்கிழமை கிளம்பும்போது ஆறுச்சாமி காலில் இறுக்கமான உறை போட்டிருந்தார். அதைக் கழற்றிப் பார்க்கணும் என்றாள் இஸ்மத்.

"இப்பத்தானுங்க மல்லுக்கட்டி மாட்டிட்டு வந்தேன். அடுத்த வாரம் பாத்துக்கலாமுங்களே."

இஸ்மத் விட்டுவிட்டாள். பெரியவரை இரண்டு தடவை சொல்ல வைப்பானேன் என்று நினைத்தாள்.

புதன்கிழமை பத்து மணிக்கு ஆறுச்சாமியின் மகள் லோகப்பிரியா போன் செய்தாள். அன்னூரில் ஒரு நூல் மில் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள்.

"ஏனுங் மேடம், அப்பாவோட நோட்டுல மூணுன்னு எழுதியிருக்குது. மூணுன்னா என்னங்க?"

"லேசான வலின்னு அர்த்தம். நடக்கலாம், தூங்கலாம்."

"எங்கூட்டு மாட்டைக் கேட்டாக்கூட மூணு சொல்லாதுங்க. எங்கப்பா ஊட்டுக்குள்ள படுத்து ஒரு மாசமாச்சு. டிராக்டர் நிக்கற சாளைல கட்டலைப் போட்டுப் படுக்கறாரு. ஏன்னு கேட்டாக் காத்து வருதுங்கறாரு. நேத்து போயிப் பாத்தனுங்க. துண்டைச் சுருட்டி வாயில கடிச்சுட்டுக் கெடக்கறாரு."

இஸ்மத் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"காய்ச்சல் இருக்குதுங்களா?"

"தொட உட மாட்டேங்கறாரே."

"உடனே கூட்டிட்டு வாங்க."

"அதுக்குத்தானுங்க கூப்புட்டேன். வர மாட்டேங்கறாரு. திங்கக்கெழமைதான் அந்தப் புள்ள வரச் சொல்லியிருக்குது, நடுவுல போயித் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு சொல்றாரு."

இஸ்மத் அவரிடம் பேசினாள். அவர் அவளுடைய அம்மாவின் சுகத்தை விசாரித்தார். திங்கட்கிழமை நேரத்தில் வந்துவிடுவதாகச் சொன்னார். அவள் டாக்டர் கதிர்வேலிடம் சொல்லிவிட்டுக் காந்திபுரத்தில் பஸ் ஏறினாள்.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி. ஆறுச்சாமியின் மனைவி காளியாத்தாள் வாசலில் நின்றிருந்தாள். டிராக்டர் நிற்கும் கொட்டகையின் பக்கம் கையைக் காட்டினாள்.

"நீங்க கேட்டாச் சிரிப்பாரு பாருங்க. எங்களக் கண்டா எரிஞ்சு உழுவாரு. சிரிப்பெல்லாம் உங்களுக்கு, வசவெல்லாம் எங்களுக்கு."

இஸ்மத் சாளைக்குள் நுழைந்ததும் ஆறுச்சாமி கட்டிலிலிருந்து எழுந்தார். ஊன்றுகோல் தலைமாட்டில் சாய்ந்திருந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

"வாங்க அம்மணி. இத்தன தூரம் வெயில்ல வந்திருக்கீங்க. நிக்கறீங்களே."

"நான் நின்னுக்கறேன். நீங்க உக்காருங்க."

"அதெப்படிங்க."

நாற்காலி சாளையின் மறுகோடியில், டிராக்டருக்குப் பின்னால் இருந்தது. அவர் அதை எடுக்கப் போனார். இஸ்மத் வேண்டாம் வேண்டாம் என்றாள். அவர் கேட்கவில்லை. கோல் இல்லாமல் பன்னிரண்டு எட்டுப் போனார், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு எட்டுத் திரும்பி வந்தார். நொண்டவில்லை. அவள் சொல்லிக்கொடுத்தபடியே குதிகாலை ஊன்றி, விரலை ஊன்றி நடந்தார். பரீட்சை வைத்திருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருக்கலாம். நாற்காலியை அவள் பக்கத்தில் வைத்துத் துண்டால் தூசி தட்டினார். மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. "உக்காருங்க" என்றார்.

அவள் உட்காரவில்லை. அவரைக் கட்டிலில் உட்கார வைத்துக் காலுறையை உருவினாள். துணி சதையோடு ஒட்டியிருந்தது. கால் முட்டியிலிருந்து கணுக்கால் வரைக்கும் வீங்கி மினுமினுத்தது. கையை வைத்தால் சுட்டது. பழைய தையலின் கீழ் முனையில் கடுகளவு ஒரு துளை. அவள் பக்கத்தில் லேசாக அழுத்தினாள். மஞ்சளாகச் சீழ் வந்தது.

அவர் சத்தம் போடவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

தலையணைக்கு அடியில் மாத்திரை அட்டைகள் கிடந்தன. மெடிக்கல் கடையில் கேட்டால் கொடுக்கிற வலி மாத்திரை. நாளைக்கு ஆறு வரைக்கும் போட்டுக்கொண்டிருந்தார். காய்ச்சல் வெளியே தெரியாமல் போனதும் அதனால்தான்.

"ஏங்கய்யா எங்கிட்டச் சொல்லல?"

ஆறுச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். தப்புச் செய்து பிடிபட்டவர் மாதிரி இருந்தார்.

"நீங்க எனக்காக அவ்வளவு பாடுபடறீங்க. மண்டி போட்டு உக்காந்து காலைப் புடிச்சு உடறீங்க. எம் மக வயசு. அப்பறமும் நான் எட்டு, ஒம்பதுன்னு சொன்னா உங்க மூஞ்சி வாடிப் போயிருமுங்க. பெரிய டாக்டரு உங்களப் பேசுவாரு. ஒரு நம்பருதானுங்களே."

"இந்த வாரம் எத்தனைங்கய்யா? சரியாச் சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்தார்.

"அந்தக் கோட்டுல எடம் பத்தாதுங்க" என்றார்.

அன்று சாயங்காலமே பக்கத்துத் தோட்டத்துக் காரில் கூட்டிவந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். வியாழக்கிழமை ராடை எடுத்தார்கள். ராடின் நீளம் முழுவதும் கிருமி. எலும்பில் நான்கு விரற்கடை செத்துப் போயிருந்தது. கழுவினார்கள். சர்க்கரை இறங்கவில்லை. மறுபடியும் கழுவினார்கள். கால் போகாமல் இருக்க வேண்டும் என்று காளியாத்தாள் வார்டு வாசலில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் கேள்வி அது ஒன்றுதான். கால் தங்குமா, தங்காதா.

ஆய்வில் ஒருவருக்கு இப்படி ஆகிவிட்டால் நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். எப்படித் தவறியது என்று ஒரு பத்தி. சனிக்கிழமை டாக்டர் கதிர்வேல் இஸ்மத்தை அறைக்குக் கூப்பிட்டார். எண் கேட்கும் பேச்சையெல்லாம் பதிவு செய்து வைப்பது வழக்கம். பத்தில் ஒன்றை யாராவது கேட்டுப் பார்ப்பார்கள். ஆறுச்சாமியுடையதை யாரும் கேட்டதில்லை.

"ஒம்பதையும் கேட்டுரு" என்றார் டாக்டர். "அவர் எங்கயாவது வலின்னு சொல்லி நாம விட்டுட்டமான்னு பாரு."

அவள் பக்கத்து அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கேட்க வேண்டிய கேள்வி தாளில் அச்சடித்திருந்தது. அட்டையைக் காட்டவும். நேற்றிலிருந்து இன்றுவரை அதிகபட்ச வலி எத்தனை என்று வாசிக்கவும். வேறு எதுவும் பேச வேண்டாம். ரோஹன் அப்படித்தான் கேட்பான். வட்டி வசூலுக்கு வந்தவன் மாதிரி இருக்கிறது என்று இஸ்மத் அவனைக் கேலி செய்ததுண்டு. தகப்பன் வயதில் ஒருவர் வலியோடு வந்து உட்கார்ந்திருக்கும்போது மொட்டையாக அட்டையை நீட்ட அவளுக்கு வாய் வரவில்லை. அவள் வளர்ந்த கோட்டைமேட்டில் நோயாளி வீட்டுக்குப் போனால் முதலில் கேட்பது வேறு.

முதல் பதிவில் அவளுடைய குரல் கேட்டது. "வாங்கய்யா. இப்பப் பரவால்லைங்களா?"

"பரவால்லைங்க."

அதற்குப் பிறகுதான் அட்டை. அதற்குப் பிறகுதான் எண்.

இரண்டாவது பதிவு. "போன வாரத்துக்கு இப்பத் தேவலைதானுங்களா?"

"தேவலைங்க அம்மணி."

மூன்றாவது. "நல்லா நடக்கறீங்களே. வலி கொறஞ்சிருக்கும்போல."

"கொறஞ்சிருக்குதுங்க."

ஒன்பதையும் கேட்டாள். ஒன்பதிலும் எண்ணுக்கு முன்னால் அவள் குரல் இருந்தது. அன்பான குரல். விருந்தாளியிடம் சாப்பாடு நன்றாக இருந்ததா என்று கேட்கிற குரல். அந்தக் கேள்விக்கு அந்த ஊரில் ஒரு பதில்தான் உண்டு. ஐந்தாவது பதிவில் அவர் உடனே பதில் சொல்லவில்லை. மூச்சை இழுத்து நிறுத்தும் சத்தம் கேட்டது. பதினோரு விநாடி. அவள் பொறுக்கவில்லை. "மூணு போட்டுக்கலாமுங்களா?" என்று அவளே கேட்டிருந்தாள்.

அதைக் கேட்ட ஞாபகமே அவளுக்கு இல்லை.

டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவரும் ஐந்தாவது பதிவைக் கேட்டார். காதிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

"வெளிய மாத்திரை வாங்கித் தின்னிருக்கார். வலியை மறைச்சிருக்கார். நோயாளி மறைத்தார்னு எழுதினாப் போதும் இஸ்மத். அது பொய்யில்லையே."

"நான் கேட்டதுக்கு அவர் வேற பதில் சொல்லியிருக்க முடியாது சார்."

"இப்படி எத்தனை பேரைக் கேட்ட?"

"ரோஹன் போனதுக்கப்பறம் வந்த எல்லாரையும். பதினெட்டுப் பேர்."

டாக்டர் சுவர்ப் பக்கம் திரும்பினார். மூன்று வருட வேலை. நடந்தவர்களுக்கு வலி குறைந்திருக்கிறது என்று போன மாதம்தான் ஒரு படம் வரைந்து சுவரில் ஒட்டியிருந்தார். கோடு அழகாகக் கீழே இறங்கியிருந்தது.

"விதியை மீறி, நடக்க வைக்கிற உங்கிட்டயே கேள்வியக் குடுத்தது நான்" என்றார். "அதையும் சேத்து எழுது. பதினெட்டுப் பேரையும் திங்கக்கிழமை வரச் சொல்லு. நீ கேக்க வேண்டாம்."

திங்கட்கிழமை வேறு ஆள் கேட்டபோது வெள்ளகோவிலிலிருந்து வந்த ஒரு அம்மாள் எட்டு என்றாள். எக்ஸ்ரேயில் எலும்பு ஒட்டவே இல்லை. மீதிப் பேரில் ஐந்து பேருக்கு எண் இரட்டிப்பானது. ஆய்வை நிறுத்தினார்கள். டாக்டர் சுவரில் இருந்த படத்தை எடுத்துவிட்டார்.

மூன்றாவது தடவை கழுவிய பிறகும் ஆறுச்சாமிக்குக் காய்ச்சல் விடவில்லை. சேர்த்த பதினோராம் நாள் காலை எலும்பு டாக்டர் வந்து கட்டில் அருகில் நின்றார். இஸ்மத்தும் லோகப்பிரியாவும் இருந்தார்கள்.

"ரெண்டு வழி இருக்குங்க. செத்த எலும்பை வெட்டி எடுத்துட்டு வெளிய வளையம் மாட்டி ஒன்றரை வருஷம் பாக்கறது ஒண்ணு. வலி ஜாஸ்தி. தேறும்னு சத்தியம் பண்ண முடியாது. இல்லைன்னா முட்டிக்கு மேல காலை எடுத்தர்றது. என்னைக் கேட்டா ரெண்டாவதுதான். நீங்க என்ன சொல்றீங்க?"

"படிச்சவங்க நீங்க. நீங்க பாத்துச் செஞ்சாச் சரிங்க" என்றார் ஆறுச்சாமி. சிரிக்கக்கூடச் செய்தார்.

"சாயங்காலம் பேப்பர் அனுப்பறேன்" என்று டாக்டர் போய்விட்டார்.

இஸ்மத் நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்தாள்.

"ஐயா, ரெண்டு வழி சொன்னாங்க. உங்களுக்கு எது வேணும்?"

"உங்களுக்கு எது நல்லதுன்னு தோணுதுங்க அம்மணி?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அட்டையை விட்டுவிட்டு எத்தனையோ திங்கட்கிழமை பார்த்த மாதிரியே பார்த்தார். அவள் எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். லோகப்பிரியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இஸ்மத் கையைக் காட்டி நிறுத்தினாள்.

காத்தாடி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே சாப்பாட்டு வண்டி போனது.

"டாக்டரு நல்ல மனுசன்தானுங்க" என்றார் ஆறுச்சாமி.

அவள் பேசவில்லை.

"உங்களுக்கும் ஆயிரம் சோலி இருக்கும். எம்பக்கத்துலயே எத்தன நேரம் உக்காந்திருப்பீங்க."

அவள் பேசவில்லை. சுவரில் வெள்ளையடித்தவனின் தூரிகை மயிர் ஒன்று ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் போனது. இப்போது திரும்பி ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லிவிடலாம் என்று உடம்பு முழுக்க இருந்தது. உள்ளங்கையில் நகத்தைப் பதித்துக்கொண்டாள்.

"எனக்குக் காலு வேணுங்க."

குரல் வேறாக இருந்தது. அவள் அதுவரை கேட்டிராத குரல்.

"வலிச்சுட்டுக் கெடக்கட்டும். ஒன்றரை வருசமில்லீங்க, மூணு வருசம் ஆனாலும் கெடக்கறேன். தேறாட்டிப் போகட்டும். பாத்தம்னு இருக்கட்டும். வளையத்த மாட்டச் சொல்லுங்க. எங்காலை எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க. அவரு மூஞ்சியப் பாத்து எனக்குச் சொல்ல வரலைங்க."

"நான் சொல்றேன்" என்றாள் இஸ்மத்.

எலும்பு டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். நான்கு மணி வரைக்கும் வாசலில் காத்திருந்தாள். வெளியே வந்தவர் அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு போனைத் திறந்து மதியம் வந்த ரத்த ரிப்போர்ட்டைக் காட்டினார்.

"காலைல நான் கேட்டப்ப அந்த வழி இருந்துச்சுங்க. இப்ப இல்லை. கிருமி ரத்தத்துல ஏறிருச்சு. கிட்னி இறங்குது. நாளைக்குக் காலைல எடுக்கலைன்னா ஆளே மிஞ்ச மாட்டார்."

"வளையம்..."

"ஒரு மாசம் முன்னாடி யாராவது பாத்திருந்தா வளையமே வேண்டாம். ராடை எடுத்து மாத்தியிருந்தாப் போதும்." அவளுடைய அடையாள அட்டையை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. "நீங்க அவருக்குச் சொந்தமா?"

"இல்லைங்க."

திரும்பி வந்தாள். பேப்பரை நர்ஸிடமிருந்து அவளே வாங்கிக்கொண்டாள். இந்த முறை அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"ஐயா, வளையம் மாட்ட முடியாது. கிருமி ரத்தத்துல கலந்திருச்சு. நாளைக்குக் காலைல காலை எடுத்தாகணும். இல்லைன்னா உயிர் தங்காது. நீங்க வேணும்னு சொன்னதை டாக்டர்கிட்டச் சொன்னேன். நேரம் தாண்டிப்போச்சு. நான் உங்களைக் கேட்ட விதம் தப்பு. ஒம்பது வாரமும் தப்பாக் கேட்டேன். அதனாலதான் தாண்டிப்போச்சு."

லோகப்பிரியா சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

ஆறுச்சாமி இஸ்மத்தின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். கையை நீட்டிப் பேப்பரை வாங்கினார். கண்ணாடி போடாமலேயே கையெழுத்துப் போட்டார்.

"கொஞ்சம் வெளிய போங்க" என்றார். "ரெண்டு பேரும்."

இருவரும் வெளியே வந்தார்கள். இஸ்மத் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. அடி வயிற்றிலிருந்து கிளம்பிக் கத்திக்கத்தி அழுதார். வார்த்தை ஒன்றும் இல்லை. வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். லோகப்பிரியா சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

நர்ஸ் ஓடி வந்தாள். "என்னாச்சுங்க மேடம்? பக்கத்து ரூமுக்காரங்க பயப்படறாங்க."

இஸ்மத் கதவுக்கு முன்னால் நின்றாள்.

"உள்ள போகாதீங்க சிஸ்டர்" என்றாள். "கத்தட்டும்."